முற்றம் இருந்த வீடு, பேனல் மாட்டிய அறை

புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடி வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பார்கள், டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள். அறை நடுவில் நின்று கை தட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. தட்டினால் அந்த ஒரு தட்டல் 'டர்ர்ர்' என்று இழுபட்டுத்தான் அடங்கும். ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓடி ஓடித் திரும்புகிறது. பேசினால் எக்கோ அடிக்கிறது, டிவியில் வசனம் புரியவில்லை, பாட்டு போட்டால் சொல்லும் வாத்தியமும் குழம்புகின்றன என்று குடிபுகுந்த பிறகு சொல்வார்கள்.

பாட்டில் பிரியம் உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அகௌஸ்டிக் பேனலைத் தேடத் தொடங்குகிறார்கள். மரச்சட்டத்துக்குள் ராக்வூல் என்ற பாறை நாரை அடைத்து, துணி போர்த்தி, சுவரில் மாட்டும் பலகை அது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இது ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் சினிமா தியேட்டர்களுக்கும் மட்டுமே உரியது. இன்று சென்னையிலும் கோவையிலும் ஒரு படுக்கையறையைப் பாட்டு கேட்கும் அறையாக மாற்றி, ஸ்பீக்கருக்குச் செலவழித்ததில் ஒரு பங்கைப் பேனலுக்கும் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதை வசதி வந்ததால் வந்த ஆடம்பரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நம் பழைய வீடுகள் கேட்காமலே செய்துவந்த ஒரு வேலையைத்தான் இந்தப் பலகை இப்போது செய்கிறது.

ரேடியோ இருந்த கூடம்

சென்னையில் ரேடியோவுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது, அடுத்த ஆண்டே திருச்சி நிலையமும் வந்தது. அன்று வீட்டில் ரேடியோ வாங்குவது பெரிய காரியம். வாங்கினால் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வாங்கிய பெட்டியைக் கூடத்தில், எல்லோர் காதுக்கும் எட்டும் உயரத்தில், ஒரு பலகை அடித்து வைத்தார்கள். துணியில் உறை தைத்துப் போட்டார்கள்.

அந்தக் கூடம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முற்றம், அதன் மேல் ஆகாயம். இன்னொரு பக்கம் ரேழி, அதைத் தாண்டித் திண்ணை, திண்ணைக்கு அப்பால் தெரு. கதவுகள் பகலெல்லாம் திறந்தே கிடந்தன. கூரையில் மூங்கிலும் பனங்கையும், மேலே நாட்டு ஓடு, ஓட்டுக்கு ஓடு இடைவெளி. மூலையில் நெல் மூட்டை, பரண்மேல் சுருட்டிய பாயும் மெத்தையும், கொடியில் துணி, தூணில் சாய்ந்து நான்கைந்து பேர். ஒலி எந்தத் திசையில் போனாலும் ஒன்று வெளியே போய்விடும், அல்லது மெத்தென்ற எதிலாவது பட்டுச் செத்துவிடும். மிச்சம் இருந்தது தூணிலும் உத்திரத்திலும் பட்டுச் சிதறியது.

எல்லாப் பழைய வீட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சு கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. தரையில் ஆத்தங்குடிக் கல். ஒலிக்கு அதைவிடக் கடினமான பரப்பு கிடைப்பது அரிது. ஆனாலும் வளவு என்ற உள்முற்றத்தின் நடுவில் வானம் திறந்திருந்ததால் அங்கே பேச்சு முட்டிக்கொள்ளவில்லை. அதே பூச்சு உள்ள மூடிய அறைக்குள் போய்ப் பேசினால் வித்தியாசம் உடனே தெரியும்.

மெத்தையும் திறந்த ஜன்னலும்

முற்றம் செய்த வேலைக்கு எண்ணால் கணக்குச் சொல்ல வழி செய்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன். அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது, அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து ஏறிக்கொண்டன. 1895இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் ஆசிரியரான சபைனிடம் வந்தது. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்குக் கேட்காமல் போகும்வரை ஆன நேரத்தைக் குறித்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிமையானது. கன மீட்டரில் அளந்த அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் மொத்த உறிஞ்சும் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். முதலில் மெத்தையை வைத்து அளந்த சபைன், பிறகு திறந்த ஜன்னலை அலகாக எடுத்துக்கொண்டார். திறந்த ஜன்னலில் பட்ட ஒலி முழுதும் வெளியே போய்விடும், ஒரு துளியும் திரும்பாது. அதற்கு மேல் உறிஞ்சும் பொருள் கிடையாது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் கணக்கின்படி கட்டப்பட்டது. உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

இந்த அலகை நம் ஊருக்குக் கொண்டுவந்தால், 10 அடிக்கு 10 அடி முற்றம் 100 சதுர அடித் திறந்த ஜன்னல். கடையில் கிடைக்கும் பேனல் பெரும்பாலும் 4 அடிக்கு 2 அடி. ஒரு முற்றத்துக்கு ஈடுகட்ட அந்தப் பேனலில் பன்னிரண்டரை வேண்டும். திறந்து கிடந்த ஒரு வாசற்கதவு இன்னும் இரண்டரைப் பேனல்.

வீடு மூடிக்கொண்ட கதை

முற்றம் ஒரே நாளில் போகவில்லை. திருட்டுப் பயத்தில் கம்பி போட்டார்கள், மழைக்குத் தகரம் போட்டார்கள், பிறகு கான்கிரீட் தளம் போட்டு மூடினார்கள். நகரத்தில் மனை சிறுத்தது, முற்றத்துக்கு இடமே இல்லை. ஓடு போய்த் தளம் வந்தது. சிவப்பு சிமென்ட் தரை போய் மொசைக், மொசைக் போய் விட்ரிஃபைட் டைல்ஸ். மர ஜன்னல் போய்க் கண்ணாடித் தள்ளு ஜன்னல். கொசுவுக்காகச் சாத்தியவர்கள் ஏசி வந்த பிறகு அதைத் திறப்பதே இல்லை. பாயும் மூட்டையும் பார்வைக்கு அசிங்கம் என்று உள்ளே போயின, சாமான் எல்லாம் லேமினேட் ஒட்டிய கதவுகளுக்குப் பின்னால் ஒளிந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒலி வெளியேற இருந்த வழியை அடைத்துவிட்டன.

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் படுக்கையறைகளில் அதிகம் காணும் அளவு. கன அளவு 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். சபைன் கணக்குப்படி இந்த வெற்று அறையில் ஒலி அடங்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். பாட்டு கேட்கும் சிறிய அறைக்கு 0.3 முதல் 0.5 விநாடிவரை போதும் என்பார்கள் இத்துறையினர்.

0.4 விநாடிக்கு இறக்க, கிட்டத்தட்ட 14 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமான உறிஞ்சல் தேவை. கட்டில் மெத்தை, துணி சோபா, கனமான திரைச்சீலை, தரை விரிப்பு, திறந்த அலமாரியில் புத்தகம், உட்கார்ந்திருக்கும் ஆள் என்று சேர்த்தால் பாதி வந்துவிடும். மீதிப் பாதிக்கு எட்டிலிருந்து பத்துப் பேனல் வேண்டும். வீட்டில் மெத்தென்ற பொருள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பேனல் கூடும்.

2020இல் வீட்டிலிருந்தே வேலையும் வகுப்பும் வந்தபோது, பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கும் இந்தக் குறை காதில் விழுந்தது. குளியலறையிலிருந்து பேசுகிறீர்களா என்று எதிர்முனையில் கேட்டார்கள். அதுவரை அறைக்குள் இருந்த காது பழகிப்போய்க் கவனிக்கவில்லை, மைக் கவனித்துவிட்டது.

பானை கட்டிய காலமும் பேஸ் ட்ராப் காலமும்

முற்றத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதில் ஓர் ஓட்டை உண்டு. அன்றைய வீட்டுக்கு அன்றைய கருவி கொடுத்த பரீட்சை மிகச் சுலபம். மீடியம் வேவ் ஒலிபரப்பில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் பெரிதாக வராது. கீழே பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்கு அடியில் மூச்சுவிடத் திணறும். நடுவில் இருக்கும் மனிதக் குரல் மட்டும் தெளிவாக வந்தது. ஒரே பெட்டி, ஒரே ஸ்பீக்கர் என்பதால் இடது வலது என்ற பேச்சும் இல்லை.

அதனால்தான் அன்றைய ரசிகருக்கு பேஸ் என்ற அடித்தொனி எட்டாக்கனி. எண்பதுகளில் டேப் ரெக்கார்டர் பரவியபோது ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். டீக்கடையிலும் சலூனிலும் சைக்கிள் கடையிலும் ஒரு ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்துக் கட்டியிருப்பார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று தன் பங்குக்கு அதிர்ந்து அடித்தொனியைத் தூக்கிக் கொடுத்தது. இளையராஜா பாட்டின் பேஸ் கிடார் தெருவில் நிற்கிறவருக்குக் கேட்டதென்றால் அதில் குயவருக்கும் பங்கு உண்டு.

இன்று நிலைமை தலைகீழ். பத்து அங்குல சப் வூஃபர் ஒன்று இருந்தால் பேஸ் கிடாரின் அடிக்கம்பி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் அறைக்குள் தாராளமாக வந்துவிடும். வந்தது போகத்தான் இடமில்லை. 12 அடி நீளச் சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸில் அலை நின்றுவிடும். 10 அடி அகலத்தில் சுமார் 57 ஹெர்ட்ஸில் நிற்கும். உயரமும் 10 அடி என்றால் அதே 57 மீண்டும் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையே சேர்ந்து உறுமும், பக்கத்துச் சுரம் வரும்போது காணாமல் போகும். ஸ்பீக்கரை மாற்றிப் பார்ப்பார்கள், ஆம்ப்பை மாற்றிப் பார்ப்பார்கள். உறுமல் அறையுடையது, அதனால் போகாது. அகலமும் உயரமும் சமமாக அறை கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். பாட்டுக்கு அதைவிடக் கெட்டது நீளமும் சேர்ந்து சமமாவதுதான்.

ஆக, அன்று பானை கட்டி பேஸைக் கூட்டியவர்களின் பிள்ளைகள் இன்று மூலையில் பேஸ் ட்ராப் என்ற தடித்த பேனலை நிறுத்தி அதைப் பிடிக்கிறார்கள்.

பேனல் எங்கே போகும்?

அடித்தொனிப் பிரச்சினை புரிந்தால் பேனலை எங்கே மாட்டுவது என்பதும் புரியும். மேல் சுருதிகளை அடக்குவது சுலபம். ஒரு அங்குல ஃபோம் கூட 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாக உறிஞ்சும், திரைச்சீலையும் மெத்தையும் ஏற்கெனவே அதைத்தான் செய்கின்றன. கீழே போகப் போகத் தடிமன் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.5 மீட்டர். சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை, கால் அலை தள்ளி, அதாவது சுமார் 86 சென்டிமீட்டர் தூரத்தில்தான் அதிகம் அசையும். நார்ப்பொருள் அசையும் காற்றைத்தான் பிடிக்கும். இதனால்தான் 4 அங்குல ராக்வூலை, சுவரை ஒட்டாமல், பின்னால் இன்னும் 4 அங்குலம் விட்டு மாட்டச் சொல்கிறார்கள். அதே பொருள், அதே செலவு, பின்னால் இருக்கும் காற்று சும்மா கிடைக்கும் தடிமன்.

இதை அறியாமல் நான்கு சுவரிலும் மெல்லிய ஃபோம் ஒட்டிய அறைகள் ஏராளம். சிறு ஊர் ஒலிப்பதிவுக் கூடங்களில் முட்டை அட்டை ஒட்டிய பழக்கத்தின் வாரிசு இது. மேல் சுருதி முழுக்கச் செத்து, வீணையின் மீட்டலும் தாளத்தின் கிணுகிணுப்பும் மங்கி, கீழே உறுமல் மட்டும் அப்படியே நிற்கும். உள்ளே போனால் காதை அடைத்த மாதிரி இருக்கும். முட்டை அட்டைக்கும் மட்டமான ஃபோமுக்கும் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. ராக்வூல் உருக்கிய பாறையிலிருந்து எடுத்த நார், எரியாது.

முதலில் ஒரு பேனலும் இல்லாமல் ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சம முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கர்கள் அறையின் குறுகிய சுவர்ப் பக்கம் இருந்து நீளவாட்டில் பேசட்டும். நாற்காலியைப் பின்சுவரில் சாத்திப் போடுவது நம் எல்லோர் வழக்கம், பேஸ் மிக அதிகமாகக் குவியும் இடமும் அதுதான். நட்ட நடுவிலும் போடக் கூடாது, அங்கே அறை நீளத்தின் முதல் அலை காணாமல் போகும். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காருவது நல்ல தொடக்கம். 12 அடி அறையில் அது நாலரை அடி. அவ்வளவு முன்னால் உட்கார முடியாவிட்டால் பின்சுவரிலிருந்து அதே நாலரை அடி.

பிறகு கண்ணாடி. கேட்பவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காது உயரத்தில் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் அதன் ஒலி சுவரில் பட்டு முதலில் காதுக்கு வருகிறது. அங்கே ஒரு குறி. இரண்டு சுவரிலும், முடிந்தால் கூரையிலும் இப்படிக் குறித்தால் முதல் நான்கைந்து பேனலுக்கு இடம் கிடைத்துவிடும். தரையில் பட்டு வருவதற்கு விரிப்பு போதும், பவானி ஜமக்காளம் ஒன்றை இரட்டையாக மடித்துப் போட்டால் ஓரளவு தாங்கும். இடது பக்கம் சுவரும் வலது பக்கம் கண்ணாடி ஜன்னலும் இருந்தால் பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். அந்த ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு இரு பக்கத்தையும் சமன் செய்ய வேண்டும்.

மிச்சமுள்ள தடித்த பேனல்கள் மூலைகளுக்கு. எல்லா அடித்தொனி அலைகளும் மூலையில்தான் அழுத்தம் கூடி நிற்கும். தரையிலிருந்து கூரைவரை மூலைக்குக் குறுக்காக நிறுத்தினால் பின்னால் முக்கோணமாகக் காற்றும் கிடைக்கிறது. கடைசியாகக் கேட்பவருக்குப் பின்னால் உள்ள சுவர். இடமிருந்தால் அங்கே ஒலியைச் சிதறடிக்கும் டிஃப்யூசர் வைக்கலாம். ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் எழுபதுகளில் எண் கணிதத்திலிருந்து உருவாக்கிய, ஆழம் மாறி மாறி வரும் பள்ளங்கள் கொண்ட பலகை அது. சின்ன அறையில் அதன் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கும் என்பதால், உயரம் உயரமாகப் புத்தகம் அடுக்கிய அலமாரியே போதும்.

பக்கச் சுவரில் பேனல் வேண்டுமா என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கனடாவில் பல ஆண்டுகள் கேட்புச் சோதனைகள் நடத்திய ஃபிலாய்ட் டூல், நல்ல ஸ்பீக்கராக இருந்தால் பக்கச் சுவரின் எதிரொலி இசைக்கு விரிவு தருகிறது, பலருக்கு அது பிடிக்கிறது என்கிறார். ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு அது இடைஞ்சல். ஆகவே பக்கப் பேனலை ஆணியில் தொங்கவிட்டு, எடுத்தும் மாட்டியும் பழகிய பாட்டைக் கேட்டு முடிவுசெய்வது நல்லது. மூலைப் பேனலுக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். இந்த அளவு அறையில் அது அதிகமாகிவிட வாய்ப்பே இல்லை.

செய்முறையும் பெரிய வித்தை இல்லை. தச்சரிடம் சட்டம் சொல்லி, கன மீட்டருக்கு 48 கிலோ அல்லது 64 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல் வாங்கி, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அடைக்கலாம். போர்த்தும் துணியில் வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். கதர் போகும், சாக்குத்துணி போகும். ரெக்ஸின் போகாது. கடற்கரை ஊரில் ஈரக் காற்றுக்குத் துணி பூஞ்சை பிடிக்கும், மரத்துக்குக் கரையான் மருந்து அடிக்க வேண்டும். அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவு மைக்கும் போதும்.

யாருக்காகக் கேட்கிறோம்

பேனல் மாட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. பேனல் அறைக்குள் சுற்றும் ஒலியைத்தான் அடக்கும். சுவரைத் தாண்டுவதைத் தடுக்கக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும், அது வேறு வேலை, வேறு செலவு. இந்தக் கேள்வியே இன்றைக்குரியது. அன்று ரேடியோ வைத்திருந்தவர் தெருவுக்குக் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார், திண்ணையில் கூட்டம் சேர்ந்தது. இன்று அதே ஒலிக்கு அடுக்குமாடிச் சங்கத்தில் புகார் வரும். அன்று கூடத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே பாட்டுதான். இன்று முக்கோணத்தின் உச்சியில் ஒரே ஒரு நாற்காலி. அதிலிருந்து இரண்டடி நகர்ந்தால் பாடகர் இடம் மாறிவிடுகிறார்.

கிடைத்ததும் சின்னதல்ல. தம்பூராவின் ஜவாரி ரீங்காரம், பாடகர் மூச்சு வாங்கும் இடம், மிருதங்கத்தின் தொப்பியில் கை பட்டு எழும் கும்கி, பின்னணியில் ஏழெட்டு வயலின்கள் தனித்தனியாக நிற்பது, இவையெல்லாம் அந்தக் கூடத்தில் யாருக்கும் கேட்டதில்லை. அன்றைய ஒலிப்பதிவாளர் ஒவ்வொன்றையும் பதிந்துதான் வைத்திருந்தார். கேட்கும் கருவி முதலில் வந்து சேர்ந்தது, கேட்கும் அறை இப்போதுதான் வருகிறது.

புது வீடு கட்டுகிறவர்கள் இதைத் திட்டம் போடும்போதே யோசித்தால் பாதிப் பேனல் மிச்சம். அறையின் அகலமும் உயரமும் சமமாகாமல் ஓரடியாவது மாற்றுவது, ஒரு சுவரை முழுக்கத் திறந்த புத்தக அலமாரியாக விடுவது, ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால் ஜிப்சம் பலகைக்குப் பதில் துளையிட்ட பலகையும் அதன்மேல் ராக்வூலும் போடுவது, இவற்றுக்கெல்லாம் கட்டும்போது செலவு குறைவு. கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள் பேனலுக்குப் பணம் கட்டும் முன் நாற்காலியைச் சுவரிலிருந்து நாலடி முன்னே இழுத்துப்போட்டு ஒரு பாட்டைக் கேட்கலாம். அதற்கு ஒரு காசும் ஆகாது.